தற்காப்பின் எல்லை

பேராதனைப் பாலத்தைக் கடந்து, மகாவலி கங்கையை நோக்கிச் சரியும் மலைப்புறத்திலே ஒரு வீட்டை நேயர்கள் மனக்கண்முன் நிறுத்திக்கொள்வார்களாக. அது கற்பனை வீடு. அதில் வாழ்வோரும் கற்பனை மாந்தரே. வீட்டின் பின்னே சிறிது தேயிலை, அதற்கப்பால் வேலி. நள்ளிரவு, மழை. பின்கதவின் தாழ்ப்பாள் பெயர்க்கப்படும் ஓசை கேட்டு இல்லத்தவர் விழித்தெழுகிறார். மனைவியும் இரு பிள்ளைகளும் அடுத்த அறையில் உறங்குகின்றனர். அவர் கைக்கு எட்டியது சுவரோரம் கிடந்த கவ்வாத்துக் கத்தி ஒன்றே.

அதன்பின் நிகழ்பவற்றை மூன்று கணங்களாகப் பிரித்துக்கொள்ளலாம். முதற் கணத்திற் கள்வன் வீட்டினுள்ளே நிற்கின்றான். கதவைப் பெயர்த்த அலவாங்கை இல்லத்தவரின் தலைக்குமேல் ஓங்குகின்றான். இரண்டாங் கணத்தில் அவன் அலவாங்கைப் போட்டுவிட்டு, நகைப்பெட்டியை அணைத்தபடி முற்றத்தில் ஓடுகின்றான். மூன்றாங் கணத்திற் பெட்டியையும் எறிந்துவிட்டு வெறுங்கையனாய் வேலியைப் பற்றி ஏறுகின்றான். முதுகு இல்லத்தவரை நோக்கியிருக்கிறது. மூன்று கணங்களுங் கூடினால் அரை நிமிடம் ஆகாது. ஆயினும், கத்தி எந்தக் கணத்தில் இறங்கியது என்பதைப் பொறுத்து, அவர் குற்றமற்றவராய் வீடு திரும்புதலும், கொலையாளியாய்த் தீர்ப்புப் பெறுதலும் அமையும். அது மட்டுமன்று. அதே வெட்டு, அதே கணத்தில், வேறொரு நாட்டில் நிகழ்ந்திருப்பின் தீர்ப்பும் வேறாகலாம். தற்காப்பு மனித இயல்பு. அது எங்கும் ஒன்றே. தற்காப்புரிமையோ சட்டத்தின் ஆக்கம். அது நாட்டுக்கு நாடு வேறுபடுவது.

இந்த மலைநாட்டின் சட்டத்தை முதலில் நோக்குவோம். 1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் கைச்சாத்தான கண்டி உடன்படிக்கை, உடலை வதைக்கும் தண்டனைகளையும் உறுப்புக்களைக் குறைக்குந் தண்டனைகளையும் ஒழித்தது. தேசாதிபதியின் எழுத்தாணையின்றி எவருக்கும் மரணதண்டனை நிறைவேற்றலாகாதென்றும் விதித்தது. அரசே ஓர் உயிரை எடுப்பதற்கு எழுத்தாணை வேண்டும் என்றானபின், தனி மனிதன் ஒருவன் இருளில், எந்த ஆணையுமின்றி, பிறனுயிரை எடுக்கும் நிலையைச் சட்டம் எவ்வாறு நோக்குவது என்னும் வினா எழுவது இயல்பே. அதற்குத் தெளிவான விடை 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச்சட்டமாகிய தண்டனைச் சட்டக்கோவையில் அமைந்தது. உரோமன் டச்சுக் குற்றச் சட்டத்தின் இடத்தைப் பிடித்த அக்கோவை, 1885ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாள் நடைமுறைக்கு வந்தது.

அதன் மூலம் இந்தியாவில் உண்டு. மெக்காலே பிரபுவின் தலைமையில் இயங்கிய சட்ட ஆணைக்குழு 1837இல் ஒரு வரைவை ஆக்கியது. அது நெடுங்காலம் கிடந்து, திருத்தம் பெற்று, 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டமாயிற்று. அவ்வரைவிலே தற்காப்புரிமைக்கு விரிந்த இடம் அளிக்கப்பட்டது. அதற்கு ஆணைக்குழு கூறிய காரணம் கவனிக்கத்தக்கது. கொள்ளைக் கூட்டங்களின் கொடுமைகளை மக்கள் எதிர்க்காது பொறுத்துக்கொள்கின்றனர். அவர்களிடம் தம்மைத் தாமே காக்குந் துணிவை வளர்க்கவேண்டுமேயன்றிக் குறைக்கலாகாது என்பதே அது. ஆளவந்தோர் ஆளப்பட்டோரைப் பற்றிக் கொண்ட எண்ணம் சரியோ பிழையோ, அதன் பயனாக எழுந்த விதிகள் வங்கக்கடலைச் சுற்றியுள்ள பல நாடுகளில் இன்றும் வாழ்கின்றன. இலங்கைக் கோவையின் 89 முதல் 99 வரையான பிரிவுகள் அவ்விந்தியச் சட்டத்தின் 96 முதல் 106 வரையான பிரிவுகளைப் பெரும்பாலும் ஒத்தவை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள தண்டனைச் சட்டங்களும் அதே வேரிலிருந்து கிளைத்தவையே.

இலங்கைச் சட்டம் சொல்வது யாது? தற்காப்புரிமையைச் செலுத்துகையிற் செய்யப்படும் எதுவும் தவறன்று என 89ஆம் பிரிவு தொடங்குகிறது. தற்காப்பு என்னும் சொல் ‘தன்னை’ மட்டும் குறிப்பதாகத் தோன்றினும், 90ஆம் பிரிவு தன் உடலை மட்டுமன்றிப் பிறர் உடலையும், தன் பொருளை மட்டுமன்றிப் பிறர் பொருளையும் காக்கும் உரிமையைத் தருகிறது. அயல்வீட்டுப் பெண்ணின் அலறலைக் கேட்டு ஓடிச்சென்று தடுப்பவனும் இவ்வுரிமையின் நிழலில் நிற்பவனே. தாக்குபவன் சித்தசுவாதீனம் அற்றவனாயினும், வயது நிரம்பாதவனாயினும், அவன் தண்டிக்கப்படத்தகாதவன் என்பதனால் தாக்கப்படுபவனின் உரிமை குன்றுவதில்லை என்பது 91ஆம் பிரிவு. ஓங்கிய ஆயுதம் ஓங்கியவனின் மனநிலை பார்த்து இறங்குவதில்லையன்றோ?

உரிமையை இவ்வாறு தந்த சட்டம், 92ஆம் பிரிவில் அதற்கு வேலியும் இடுகிறது. பொது அதிகாரிகளின் காவலை நாடக் காலம் இருந்ததாயின் அவ்வுரிமை இல்லை. எந்த நிலையிலும், காத்துக்கொள்ளத் தேவையானதற்கு மேற்பட்ட தீங்கைச் செய்ய உரிமை இல்லை. பொது ஊழியர் ஒருவர் தம் பதவியின் பேரில் நல்லெண்ணத்துடன் செய்யும் செயலை எதிர்க்கவும், அச்செயல் உயிருக்கோ உடலின் பெருங்காயத்துக்கோ ஏது ஆகாதவிடத்து, உரிமை இல்லை.

உயிரை எடுக்கும் அளவுக்கு இவ்வுரிமை எப்போது நீளும்? உடலைக் காக்குமிடத்து, 93ஆம் பிரிவு ஆறு நிலைகளை எண்ணிச் சொல்கிறது. மரணம் நேருமென்றோ பெருங்காயம் நேருமென்றோ நியாயமாக அஞ்சத்தக்க தாக்குதல். வன்புணர்ச்சி நோக்கொடு செய்யுந் தாக்குதல். இயற்கைக்கு மாறான இச்சை நோக்கொடு செய்யுந் தாக்குதல். ஆட்கடத்தல் நோக்கொடு செய்யுந் தாக்குதல். அதிகாரிகளின் உதவியை நாட இயலாதவாறு அடைத்துவைக்கும் நோக்கொடு செய்யுந் தாக்குதல் என்பன அவை. பொருளைக் காக்குமிடத்து 96ஆம் பிரிவு நான்கு நிலைகளைக் கூறுகிறது. கொள்ளை, இரவில் வீடுடைத்தல், மனிதர் குடியிருக்கும் அல்லது பொருள் வைத்திருக்கும் கட்டடத்துக்குத் தீயிடல், உயிரச்சமோ பெருங்காய அச்சமோ தரும் முறையில் நிகழும் களவு, கேடுவிளைத்தல், வீட்டத்துமீறல் என்பனவாம். பிறவற்றில் மரணத்துக்குக் குறைந்த தீங்கைச் செய்யவே உரிமை உண்டு.

இனி நம் மலைச்சரிவு வீட்டுக்குத் திரும்புவோம். முதற் கணத்தில் வீடு இரவில் உடைக்கப்பட்டிருக்கிறது, அலவாங்கும் ஓங்கப்பட்டிருக்கிறது. 119ஐ அழைக்கவோ, காவல் நிலையத்துக்கு ஆள் அனுப்பவோ நேரமில்லை. அக்கணத்தில் இறங்கிய கத்தி கள்வனின் உயிரைக் குடித்தாலும் இல்லத்தவர் குற்றவாளியல்லர். வீடுடைத்து உட்புகுந்தவன் உள்ளே நிற்கும் அளவும் அவ்வுரிமை தொடரும் என்பது 98ஆம் பிரிவின் விதி.

இரண்டாங் கணத்திற் காட்சி மாறிவிடுகிறது. அத்துமீறல் முடிந்தது, களவு முடியவில்லை. பொருளோடு கள்வன் தப்பிப்போகும் வரையும், அல்லது பொருள் மீளும் வரையும் உரிமை உயிரோடுதான் இருக்கிறது; ஆயின் அதன் வலிமை குறைந்துவிட்டது. துரத்தலாம், பிடிக்கலாம், தேவையாயின் அடித்துப் பெட்டியைப் பறிக்கலாம். உயிரை எடுத்தல் ஆகாது. மூன்றாங் கணத்திலோ பெட்டியும் மீண்டது, ஆபத்தும் நீங்கியது. அப்போது எஞ்சியிருப்பது சினம் ஒன்றே. சினத்துக்குச் சட்டத்தில் உரிமை இல்லை. வேலியைப் பற்றியவன் முதுகில் விழும் வெட்டு தற்காப்பன்று, தண்டனை. தண்டிக்கும் அதிகாரத்தை எந்தச் சட்டமும் இல்லத்தவர் கையிற் கொடுக்கவில்லை.

உரிமை இருந்தும் அளவு மீறியவரைச் சட்டம் கொலையாளியோடு ஒருங்கு வைத்து எண்ணவில்லை. 294ஆம் பிரிவின் இரண்டாம் விதிவிலக்கு அத்தகையோருக்கென ஏற்பட்டது. நல்லெண்ணத்தோடு தற்காப்பிற் புகுந்தவர், முன்யோசனையின்றி, தேவைக்கு மேற்பட்ட தீங்கு செய்யும் எண்ணமுமின்றி, சட்டம் தந்த எல்லையைத் தாண்டி உயிரிழப்பை விளைவித்தாராயின், அது கொலைக்குற்றம் ஆகாத ஆட்கொலை. பேச்சுவழக்கிற் கைமோசக் கொலை. கொலைக்கு விதிக்கப்படுவது மரணதண்டனை. 1976க்குப் பின் இலங்கையில் அது நிறைவேற்றப்படவில்லையாயினும் தீர்ப்பாக வழங்கப்பட்டே வருகிறது. கைமோசக் கொலைக்குச் சிறையே தண்டனை. ஆயினும் மூன்றாங் கணத்தில் வெட்டியவர் இவ்விலக்கின் துணையைப் பெறுதலும் அரிது. முடிந்துபோன உரிமையை ஒருவர் மீறினார் என்பது எங்ஙனம்?

கடலைத் தாண்டினால் இவ்வெல்லைக் கோடுகள் இடம் பெயர்கின்றன. பாக்குநீரிணைக்கு அப்பாலுள்ள இந்தியாவில் 1860ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டு, 2024ஆம் ஆண்டு யூலை முதலாம் நாள் முதல் பாரதிய நியாய சங்கிதை நடைபெறுகிறது. அதன் 34 முதல் 44 வரையான பிரிவுகள் பழைய தற்காப்பு விதிகளையே பேணுகின்றன. ஆயினும் உயிரை எடுக்கும் அளவுக்கு நீளும் நிலைகள் அங்கே ஆறல்ல, ஏழு. முகத்தில் அமிலம் வீசும் கொடுமை பெருகியதைக் கண்டு, 2013ஆம் ஆண்டுத் திருத்தம் அமில வீச்சையும் அப்பட்டியலிற் சேர்த்தது. இலங்கைப் பெண்ணொருத்தியின்மேல் அமிலம் ஓங்கப்படின் அவளுக்கு உரிமை இல்லையோ எனின், உண்டு. பெருங்காய அச்சம் என்ற தலைப்பின்கீழ் அவள் அதனைப் பெறுவாள். இந்தியப் பெண்ணுக்கு அது பெயர் சொல்லியே தரப்பட்டிருக்கிறது. வேறுபாடு இவ்வளவே.

தாக்கப்படுபவன் ஓடித் தப்ப வழியிருந்தால் ஓடவேண்டுமா என்பது இன்னொரு வினா. இலங்கைக் கோவையிலோ இந்தியச் சட்டத்திலோ ‘ஓடு’ என்னும் கட்டளை இல்லை; அதிகாரிகளை நாட நேரமிருந்தால் நாடு என்பதே கட்டளை. சட்டத்தை மதிக்கும் குடிமகன் கோழையைப்போல் ஓடவேண்டியதில்லை என்பதை இந்திய உயர்நீதிமன்றம் பல தீர்ப்புக்களில் வலியுறுத்தியுள்ளது. 2010ஆம் ஆண்டின் தர்சன் சிங் வழக்கிலே தற்காப்புக் கோட்பாடுகளைப் பத்தாகத் தொகுத்தும் அந்நீதிமன்றம் உரைத்தது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஐம்பது மாநிலங்களும் தத்தமக்கென்று சட்டம் கொண்டவை. ஆதலின் ஒரே நாட்டினுள்ளேயே ஆற்றைக் கடந்தாற் சட்டமும் மாறும். நியூயோர்க் மாநிலத்தில், முழுப் பாதுகாப்போடு விலகிச் செல்ல முடியும் என்று அறிந்தவர், விலகாது உயிர்போக்கும் வலிமையைப் பயன்படுத்தலாகாது. ஆயின் சொந்த வீட்டில் நிற்பவர் விலகவேண்டியதில்லை. புளோரிடா மாநிலமோ 2005இல் இயற்றிய சட்டத்தால், வீட்டில் மட்டுமன்றித் தான் நிற்க உரிமையுள்ள எவ்விடத்தும் விலகும் கடமை இல்லை என விதித்தது. பின்னர் வேறு பல மாநிலங்களும் அவ்வழியைப் பின்பற்றின. இதனால் வாழ்வு காக்கப்படுகிறது என்பாரும், தெருச்சண்டைகள் கொலையாய் முடிகின்றன என்பாரும் அந்நாட்டில் இன்றும் வாதிட்டுக்கொண்டிருக்கின்றனர்.

தெக்சாஸ் மாநிலத்தின் சட்டம் நம் இரண்டாங் கணத்துக்கு நேராகவே விடை சொல்கிறது. இரவிற் களவு செய்து பொருளோடு ஓடுபவனைத் தடுக்க உயிர்போக்கும் வலிமை உடனடியாகத் தேவை என்றும், வேறு வழியில் அப்பொருளை மீட்க முடியாது என்றும், அல்லது வேறு வழியை நாடின் தனக்கே உயிராபத்தோ பெருங்காயமோ நேரும் என்றும் நியாயமாக நம்புபவர், அவ்வலிமையைப் பயன்படுத்தலாம் என்கிறது அது. பேராதனையிற் சிறைக்கு அனுப்பக்கூடிய செயல், தெக்சாசில் அந்நிபந்தனைகள் நிறைந்தவிடத்து விடுதலை பெறும். ஆயினும் வெறுங்கையனாய் வேலி ஏறுபவனுக்கு அவ்விதி பொருந்தாது.

ஜெர்மனியின் கோட்பாடு தத்துவப் பாங்கானது. முறையானது முறைகேட்டுக்கு இடங்கொடுத்து ஒதுங்கவேண்டியதில்லை என்பதே அதன் அடிப்படை. ஆதலின் காக்கப்படும் பொருளின் மதிப்பையும் தாக்குபவனுக்கு நேரும் தீங்கையும் தராசிலிட்டு நிறுத்துப் பார்க்கும் வழக்கம் அங்கே பெரும்பாலும் இல்லை. 1920இல் ஒரு பழத்தோட்டக் காவலன், பழங்களைத் திருடிக்கொண்டு ஓடியவர்களைச் சுட்டதை அந்நாட்டின் தலைமை நீதிமன்றம் குற்றமன்று எனக் கொண்டது. சில பழங்களுக்காக ஒருவனைச் சுடுவதா என்னும் மனக்குறை பின்வந்த நீதிபதிகளையும் அறிஞர்களையும் வருத்தியது. ஆதலால், அளவுகடந்த பொருத்தமின்மை காணப்படுமிடத்து இவ்வுரிமை இல்லை என்று இன்று அங்கே கொள்ளப்படுகிறது. அதே ஜெர்மன் சட்டத்தில் நெஞ்சைத் தொடும் விதி ஒன்றும் உண்டு. குழப்பத்தாலோ அச்சத்தாலோ திகிலாலோ தற்காப்பின் எல்லையை மீறியவன் தண்டிக்கப்படான் என்பதே அது. இலங்கைச் சட்டம் குற்றத்தின் தரத்தைக் குறைக்கின்ற இடத்தில், ஜெர்மன் சட்டம் அஞ்சியவனை விட்டுவிடுகிறது. சினத்தால் மீறியவனை அதுவும் விடுவதில்லை.

இங்கிலாந்தின் விதி ‘நியாயமான வலிமை’ என்னும் இரண்டே சொற்களில் அடங்குவது. 1999இல் நோர்போக் பகுதியிலே ஒரு பண்ணையாளர் தம் வீட்டினுள் இரவிற் புகுந்த இருவர்மீது சுட்டார். முதுகிற் குண்டு பாய்ந்த பதினாறு வயதுச் சிறுவன் இறந்தான். 2000இல் யூரர் அவரைக் கொலைக் குற்றவாளியாகக் கண்டனர். 2001இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், அவரது மனநிலையைக் கருதி, அதனைக் கைமோசக் கொலையாகக் குறைத்தது. நாடே இரண்டுபட்டு வாதிட்டது. அவ்வாதத்தின் எதிரொலி ஓயாது நின்றமையின், 2008இலும் 2013இலும் பாராளுமன்றம் சட்டத்தை விளக்கவும் திருத்தவும் நேர்ந்தது. இன்று வீட்டினுள் அத்துமீறியவனை எதிர்க்கும் இல்லத்தவரின் செயல் சற்றே அளவு மிஞ்சியதாயினும், அந்நிலைமையில் அது நியாயமானதெனக் கொள்ளப்படலாம்; மிகக் கொடிய அளவுக்கு மிஞ்சியதாயின் கொள்ளப்படாது. நிலைமையைப் பற்றி அவர் உண்மையில் நம்பியது தவறாயிருந்தாலும், அந்த நம்பிக்கையின்மேலேயே அவர் செயல் அளக்கப்படும்.

உயிருள்ள கையைப் பற்றிய விதிகள் இவை. உயிரற்ற கையும் ஒன்று உண்டு. காட்டுப்பன்றிக்கென வேலியோரம் கட்டிவைக்குந் துவக்கும், இரவிலே மின்சாரம் பாய்ச்சிய கம்பியும் மலைநாட்டுத் தோட்டங்களுக்குப் புதியன அல்ல. வந்தது பன்றியா, கள்வனா, வழிதவறிய அயல்வீட்டுப் பிள்ளையா என்று பார்க்கும் கண் அவற்றுக்கு இல்லை. தேவையான அளவே தீங்கு செய்யலாம் என்ற விதி, அளவறிய மாட்டாத கம்பியிடம் என்ன பொருள்படும்? அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலே, ஆளில்லாப் பழைய பண்ணைவீட்டினுள் பொறித்துவக்குக் கட்டிவைத்தவர்கள், அங்கே திருடப் புகுந்து கால் சிதைந்தவனுக்கு 30,000 டொலர் நட்டஈடு கொடுக்கவேண்டும் என்ற தீர்ப்பை 1971இல் அம்மாநில உயர்நீதிமன்றம் உறுதிசெய்தது. வீட்டுக்காரர் அங்கே நின்றிருந்தால் நேரிற் செய்யலாகாததைப் பொறியைக் கொண்டு செய்விக்கவும் ஆகாது என்பதே அதன் கருத்து.

இதுகாறும் கூறியவை யாவும் உண்மை தெரிந்திருப்பதாக வைத்துக் கூறியவை. நீதிமன்றத்திலே உண்மை அவ்வளவு எளிதாகத் தெரிவதில்லை. இருளில் நின்றவர் இருவர், ஒருவர் இறந்துவிட்டார். கத்தி இறங்கியது முதற் கணத்திலா மூன்றாங் கணத்திலா என்பதை எஞ்சிய ஒருவர் வாய்மொழியும் காயத்தின் இடமும் இரத்தத் துளிகள் கிடந்த இடமுமே சொல்லவேண்டும். அவை ஒன்றுக்கொன்று முரண்படக் கூடும். அந்நிலையில் ஐயத்தின் பயன் யாருக்கு? தற்காப்புச் சட்டத்தின் உயிர்நிலை இவ்வினாவே. நாடுகள் மிக ஆழமாக வேறுபடுவதும் இங்கேதான்.

இங்கிலாந்தில் ஒருவர் தற்காப்பை எழுப்பத் தகுந்த சான்று இருந்துவிட்டால் போதும். அது தற்காப்பன்று என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கும் பாரம் வழக்குத்தொடுநரைச் சாரும். யூரர் மனத்தில் ஐயம் நிலைத்தால் விடுதலை. இலங்கையிலோ 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச்சட்டத்தின் 105ஆம் பிரிவு, விதிவிலக்கைக் கோருபவரே அதற்கான நிலைமைகளை நிரூபிக்கவேண்டும் என்கிறது. 1942ஆம் ஆண்டின் சந்திரசேகர வழக்கிலே இலங்கைக் குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதன் பொருளை வரையறுத்தது. தற்காப்பு உண்மையாய் இருக்கக்கூடும் என்ற ஐயம் மட்டும் எதிரிக்குப் போதாது. உண்மையாயிருத்தலே கூடுதலாக நிகழத்தக்கது என்ற அளவுக்கு அவர் தராசைச் சாய்க்கவேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

வியப்பு யாதெனில், 2024 வரை நடைமுறையிலிருந்த இந்தியச் சான்றுச் சட்டத்திலும் அந்தப் பிரிவு 105ஆம் பிரிவாகவே இருந்தது; வாசகமும் ஏறத்தாழ அதுவே. இலங்கைத் தீர்ப்புக்கு ஓராண்டு முன்னர், 1941இல், அலகாபாத் மேல் நீதிமன்றத்தின் முழு ஆயம், சான்று முழுவதையும் நோக்கியபின் தற்காப்பைப் பற்றி நியாயமான ஐயம் எழுமாயின் எதிரி விடுதலைக்கு உரியவர் எனத் தீர்த்தது. ஒரே வாசகம், இரு கரைகளில் இரு பொருள். இலங்கையின் நிலைப்பாடு ஈற்றில் இலண்டனிலுள்ள கோமறைக் கழகத்தின்முன் சென்றது. 1969இல் ஜயசேன வழக்கிலே அக்கழகம், இங்கிலாந்தின் முறையை இலங்கைப் பிரிவினுள் புகுத்த இயலாது. நிரூபிக்கும் பாரம் எதிரியுடையதே என்று உரைத்தது. கோமறைக் கழகத்துக்கு மேன்முறையிடும் வழக்கம் 1971இல் ஒழிந்தது; அவ்விதியோ ஒழியவில்லை.

இதன் பொருளை நம் இல்லத்தவரின் நிலையில் வைத்துப் பார்த்தல் நன்று. அவர் உண்மையே கூறுகிறார் என்று கொள்வோம். கத்தி முதற் கணத்திலேயே இறங்கியது. ஆயின் சான்றுகள் தெளிவாக இல்லை. அவர் சொல்வது மெய்யா பொய்யா என்று தராசின் இரு தட்டும் சமமாய் நிற்கின்றன. அவர் இங்கிலாந்தில் நின்றால் வீடு செல்வார், அலகாபாத்திலும் செல்வார். கண்டி மேல் நீதிமன்றத்தில் நின்றால், அச்சமநிலை அவருக்குப் போதாது. கள்வனின் கையிலிருந்த அலவாங்கைவிடத் தராசின் சமநிலை அவருக்குப் பேராபத்தாகலாம். ஆதலினாலேயே இத்தகைய துன்பம் நேர்ந்தவர் சான்றைக் கலைக்காது, பொருள்களை இடம் மாற்றாது, உடனே காவற்றுறைக்கு அறிவித்து, நிகழ்ந்ததை முதல் வாக்குமூலத்திலேயே ஒளிக்காது கூறுதல் இன்றியமையாதது. அஞ்சி மறைத்த உண்மை பின்னர்ப் பொய்போலத் தோன்றும்.

இத்துணை வேறுபாடுகளுக்கிடையே, எல்லாச் சட்டங்களும் ஒத்து நிற்கும் இடமும் ஒன்று உண்டு. ஆயுதம் ஓங்கப்பட்ட கணத்திலே, தாக்கப்பட்டவன் தன் எதிர்ப்பைப் பொன் நிறுப்பதுபோல நிறுத்து அளக்கவேண்டும் என்று எந்நாட்டு நீதிபதியும் எதிர்பார்ப்பதில்லை. அவ்வாறே, ஆபத்து முழுதும் நீங்கியபின் பழிதீர்க்க இறங்கிய வெட்டைத் தற்காப்பு என்று எந்நாட்டுச் சட்டமும் அழைப்பதில்லை. முதற் கணத்துக்கும் மூன்றாங் கணத்துக்கும் இடையிலுள்ள மங்கலான நிலத்திலேயே நாடுகள் தத்தம் எல்லைக்கற்களை வெவ்வேறு இடங்களில் நட்டிருக்கின்றன.

தமிழ்மரபுக்கும் இவ்வெல்லை புதிதன்று. புறங்காட்டி ஓடுவோர்மேற் படைக்கலம் ஓச்சாத மறப்பண்பைப் புறப்பொருள் வெண்பாமாலை ‘தழிஞ்சி’ என்னுந் துறையாக வகுத்துப் போற்றுகிறது. போர்க்களத்திற் பகைவனுக்கே அளிக்கப்பட்ட அந்த மதிப்பு, முற்றத்தில் ஓடும் கள்வனுக்கு மறுக்கத்தக்கதன்று. கள்வன் என்ற சொல்லொன்றைக் கேட்டே ஆராயாது கோவலனைக் கொல்வித்த பாண்டியன், அதன் விலையைத் தன் உயிராலும் மதுரையாலும் கொடுத்ததைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. அவனிடம் அரியணையும் அமைச்சும் காவலரும் இருந்தும் ஒரு நொடி ஆராயத் தவறினான். நள்ளிரவில் விழித்தெழுந்த இல்லத்தவரிடமோ ஒரு கத்தியும் படபடக்கும் நெஞ்சுமே உண்டு. ஓங்கிய அலவாங்குக்கு எதிரே அவர் தயங்கவேண்டியதில்லை. சட்டம் அவர் பக்கம் நிற்கிறது. திரும்பிய முதுகுக்கு எதிரே அவர் கை தாழவேண்டும். அடுத்த அறையிலுள்ள மனைவியும் பிள்ளைகளும் அப்போது காப்பாற்றப்பட்டுவிட்டனர். அதற்குமேல் இறங்கும் கத்தி, காப்பாற்றப்பட்ட அவர்களிடமிருந்து அவரையே வெட்டிப் பிரித்துவிடும்.